வெள்ளைப் பெட்டியில் விழுந்த ஒரே ஓட்டு

ஆளுங்கட்சி தோற்குமா தோற்காதா என்று ஊரெல்லாம் வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கேள்வியில் என் கழுத்து மாட்டிக்கொண்டிருந்தது. தாலி ஏறப்போகும் கழுத்து. கட்சி ஜெயித்தால் எனக்கு ஒரு மாப்பிள்ளை, தோற்றால் வேறொரு மாப்பிள்ளை. மாகாணத்துக்கு யார் மந்திரியாக வரப்போகிறார் என்று மற்றவர்கள் கவலைப்பட்டார்கள். ஆயுசு பூரா யாருக்குச் சோறாக்கிப் போடப்போகிறேன் என்று நான் கவலைப்பட்டேன். இரண்டில் என் கவலைதான் பெரியது என்று இன்றைக்கும் சொல்வேன்.

எங்கள் ஊர் விளாங்குடிக்கு மேற்கே, திண்டுக்கல் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. அப்பாவுக்கு நஞ்சை, தோட்டம், வண்டி மாடு எல்லாம் உண்டு. ஜில்லா போர்டில் மெம்பர். ஆளுங்கட்சிக்காரர். கட்சியின் கொள்கை என்னவென்று கேட்டால் கொஞ்சம் இருமுவார். ஆனால் கட்சிப் பெரிய மனிதர்கள் மோட்டாரில் வந்து எங்கள் வாசலில் இறங்குவார்கள், அப்பாவின் தோளில் கை போடுவார்கள், "ராவ்சாகிப் பட்டத்துக்கு உங்க பேரைச் சொல்லி வச்சிருக்கோம்" என்பார்கள், கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டுக் கோழிகளில் பாதி அந்தப் பட்டத்துக்காகவே உயிரை விட்டன. பட்டம் மட்டும் வந்தபாடில்லை.

அம்மாவின் அண்ணன், அதாவது என் தாய்மாமா, விளாங்குடியில் இருந்தார். கதர்க்கட்சிக்காரர். அவர் மகன் அதற்கு மேல். உடம்பெல்லாம் கதர். அந்தக் காலத்துக் கதர் சாக்குக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். அதைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுத் தூணில் முதுகைத் தேய்த்தபடிதான் தேச விடுதலையைப் பற்றிப் பேசுவார். அவரைத்தான் நான் அத்தான் என்று கூப்பிட்டேன். சின்ன வயதில் கிணற்றில் விழுந்த என் பித்தளைச் செம்பை எடுத்துத் தருகிறேன் என்று குதித்துவிட்டு, செம்பை உள்ளேயே விட்டுவிட்டு, ஒரு ஆமையோடு மேலே வந்த ஆள் அவர். அப்போதிருந்தே எனக்கு அவரைப் பிடிக்கும். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஆமை ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்பா பார்த்து வைத்திருந்தது ஆனையூர்ப் பெரிய வீட்டுப் பையனை. அவர்களும் ஆளுங்கட்சி. அந்தப் பையன் சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. போகும்போது எங்கள் வண்டி மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துவிட்டுப் போனார். மாடு அவருக்குப் பிடித்துப்போயிற்று என்று பிற்பாடு சொல்லியனுப்பினார்கள்.

இந்த நிலையில்தான் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு வந்தது. கறிச்சோறு தின்றுவிட்டு ஆம்பளைகள் எல்லாரும் வேப்பமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அண்டாவைக் கழுவுகிற சாக்கில் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாமா மெல்லப் பேச்சை எடுத்தார்.

"மாப்ள, மொறைப் பொண்ண வெளிய குடுக்கிறது நல்லா இல்ல. நம்ம பயலுக்குக் கேக்குறேன்."

"கேளுங்க மச்சான், கேக்குறதுக்கு என்ன" என்றார் அப்பா. "உங்க பய ஜெயிலுக்குப் போற கட்சி. என் மக ஜெயில் வாசல்ல சோத்துச் சட்டியோட நிக்கவா?"

"அது போன வருசம் மாப்ள. இனிமே ஆளப்போறது நாங்க. இந்தத் தேர்தலோட உங்க கட்சிக்குச் சங்குதான்."

அப்பா எழுந்துவிட்டார். வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சங்கா? இந்தா, சாமி முன்னால சொல்றேன். எங்க கட்சி தோத்துச்சுன்னா என் மக உங்க வீட்டு மருமக. ஜெயிச்சா ஆனையூருக்குத்தான் குடுப்பேன். அதுக்கப்புறம் நீங்க மூச்சு விடக் கூடாது."

யாரும் கேட்காமலே பூசாரி, "சாமி கேட்டுக்கிருச்சு" என்றார். கறிச்சோறு தந்த தெம்பு. சாமிக்குச் சொன்னார்கள், பூசாரி சம்மதித்தார், என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அண்டாவைத் தேய்த்த தேய்ப்பில் அது அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படிப் பளபளத்ததில்லை.

அதற்குப் பிறகு ஊரில் நான் கேட்காத ஆரூடம் கிடையாது. சவரம் செய்ய வருகிறவர் ஆளுங்கட்சி என்றால் அன்றைக்குப் பூரா எனக்குச் சோறு இறங்காது. வளையல்காரர் கதர்க்கட்சி என்றால் இன்னொரு ஜோடி வளையல் வாங்கிக்கொள்வேன். ஆனைமலைப் பக்கம் மழை பெய்தால் ஒரு அர்த்தம், பெய்யாவிட்டால் ஒரு அர்த்தம். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்கிற மாதிரி ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். நானும் எனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டேன். பானையில் சோறு பொங்கும்போது கிழக்கே வழிந்தால் அத்தான், மேற்கே வழிந்தால் ஆனையூர். பானையைக் கிழக்கே கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டேன். சாமிக்கும் ஒரு ஒத்தாசை வேண்டாமா?

அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடுகிற முறையைச் சொல்ல வேண்டும். ஜனங்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், பிடித்த நிறத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். கதர்க்கட்சிக்கு மஞ்சள் பெட்டி. எங்கள் பக்கத்து ஆளுங்கட்சி வேட்பாளருக்கு வெள்ளைப் பெட்டி. "வெள்ளைன்னா சுத்தம்" என்று அப்பாவுக்கு ஏக சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தோடு கொடிக்கு வெள்ளைத் துணி எடுக்க மதுரைக்குப் போனார். எனக்கும் அம்மாவுக்கும் சேலை எடுக்க வேண்டியிருந்ததால் எங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். பழைய ஊருக்குள் அப்பா வழக்கமாகத் துணி எடுக்கிற பாய் கடை.

"வெள்ளை எம்புட்டு வேணும்னாலும் அள்ளிக்கிட்டுப் போங்க அண்ணே" என்றார் பாய். "மஞ்சத் துணிதான் கடையில ஒரு முழங்கூட இல்ல. சாயம் போடக் குடுத்திருக்கேன்."

"மஞ்சத் துணிய யாரு கேட்டா?"

"ஊரே கேக்குது அண்ணே."

அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று. "அப்ப நீங்க என்ன நினைக்கிறீக பாய்? யாரு வருவாக?"

"எங்களுக்குத் தனித் தொகுதி, தனி ஓட்டு. உங்க சண்டையில நான் எதுக்கு அண்ணே?" என்று பாய் சிரித்தார். "எந்தக் கட்சி வந்தாலும் ஆளுக வேட்டி கட்டித்தான ஆகணும். அது போதும், இன்ஷா அல்லா."

கோபத்தில் அப்பா ஒரு பீஸ் வெள்ளைத் துணியை அப்படியே தூக்கி வண்டியில் போடச் சொன்னார். தேர்தல் முடிந்து ரொம்ப நாளைக்கு எங்கள் வீட்டில் திரை, தலையணை உறை, பால் வடிகட்டுகிற துணி எல்லாம் அதுதான். திரும்பி வரும்போது வண்டியில் நான் பாட்டு முணுமுணுத்தேன். சாமி, பூசாரி, சோற்றுப் பானை எல்லாரையும் விட எனக்குப் பாய் மேல்தான் நம்பிக்கை பிறந்தது. சரக்கு விற்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அப்பாவின் பலம் பெண்கள் ஓட்டு. வரி கட்டுகிறவர்களின் பெண்டாட்டிமாருக்கும் ஓட்டு உண்டு என்று சட்டம் வந்திருந்தது. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட வீட்டுப் பெண்கள் எல்லாரும் அப்பாவுக்கு ஏதாவது ஒரு வகையில் சொந்தம். ஆம்பளைகளை நம்ப முடியாது, காப்பிக் கிளப்பில் உட்கார்ந்து கெட்டுப்போய்விட்டார்கள், பொம்பளைகள் நான் போட்ட கோட்டைத் தாண்ட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கூட்டத்தில் சுமங்கலி அல்லாதவள் ஒருத்திதான். அப்பாவின் அக்கா, என் அத்தை. கல்யாணமாகிச் சீக்கிரத்திலேயே தாலியறுத்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். புருஷன் வழியில் வந்த நிலத்துக்குத் தீர்வை கட்டியதால் அவளுக்கும் ஓட்டு. அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். வெள்ளைச் சேலையும் மாட்டுக்கொட்டமும் தவிர வேறொன்றும் தெரியாதவள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தேர்தலுக்கு முன்னால் ஒரு நாள் அப்பா எல்லாப் பெண்களையும் எங்கள் முற்றத்துக்குக் கூப்பிட்டு ஒத்திகை வைத்தார். இரண்டு பானை. ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார். இன்னொன்றுக்கு மஞ்சள் பூசியிருந்தார். ஆளுக்கொரு ஆலிலையைக் கையில் கொடுத்து, சுண்ணாம்புப் பானையில் போடச் சொன்னார். முதலில் வந்த பெண் இலையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

"எதுக்கு நிக்கிற? போடு."

"நல்ல காரியத்துக்கு முதல்ல வெள்ளையத் தொடலாமா அண்ணே?"

"ஏன் தொடக் கூடாது? சோறு வெள்ளை. பாலு வெள்ளை. விபூதி வெள்ளை. நம்மள ஆளுற துரை வெள்ளை!"

கடைசியாகச் சொன்னதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். பின்னாலிருந்து ஒருத்தி, "பொணத்து மேல போத்துறதும் வெள்ளைதான்" என்றாள். முற்றமே கொல்லென்று சிரித்தது. அப்பா அதட்டினார். அதட்டலுக்குப் பயந்து எல்லாரும் இலையைச் சுண்ணாம்புப் பானையில் போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனார்கள். அப்பா பானையைக் கவிழ்த்துப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். ஆனையூர்த் தொழுவத்தில் எங்கள் வண்டி மாடும் நானும் சேர்ந்து நிற்கிற மாதிரி அன்றைக்குச் சொப்பனம் கண்டேன்.

ஓட்டுப் போடுகிற நாள் வந்தது. விடிந்ததும் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. பெண்கள் தலைக்குக் குளித்து, பூ வைத்து, இருப்பதிலேயே நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். திருவிழாவுக்குப் போகிற சந்தோஷம். அப்பா ஏறச் சொன்னார். அப்போது அம்மா கதவோரம் நின்றுகொண்டு மெல்லச் சொன்னாள்.

"ஏங்க, வீடு தேடி வந்த சுமங்கலிகள வெறுங்கையோடயா அனுப்புறது? ஊர்ல என்ன பேசுவாக? வெத்தலை பாக்கோட ஆளுக்கொரு மஞ்சக் கிழங்கு குடுத்து அனுப்புங்க."

அப்பா எல்லாவற்றிலும் முறை பார்க்கிறவர். பந்தியில் இலை திரும்பியிருந்தால் எழுந்து போய்விடுவார். உடனே தாம்பாளத்தில் எடுத்துவரச் சொன்னார். அதோடு விட்டாரா? தன் கையால் கொடுத்தால்தான் ஓட்டு உறுதி என்று தாம்பாளத்தைத் தானே வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்தி, வெற்றிலை, பாக்கு, உருண்டு திரண்ட ஒரு மஞ்சள் கிழங்கு வைத்து, "நல்லபடியாப் போட்டுட்டு வா தாயி" என்று கொடுத்தார். எல்லாருக்கும் பின்னால் அத்தை வந்தாள். அவளுக்கு மஞ்சள் ஆகாது. அப்பா தாம்பாளத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அவள் நெற்றியில் விபூதி பூசிவிட்டார். அத்தை தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் ஏறினாள்.

எனக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் அத்தைக்குத் துணை என்று தொற்றிக்கொண்டேன். வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் உள்ளே குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது.

"வாயில வெள்ளைங்கிறாரு, கையில மஞ்சளக் குடுக்குறாரு. எதை எடுத்துக்கிடுறது?"

"போர்டு மெம்பருல்ல. வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சர்க்காரு கேட்டா என்னாகும்?"

"அதான பாத்தேன். மச்சினன் கதர்க்கட்சி. மகளை அங்கதான் குடுக்கப் போறாராம். சாமி முன்னால சொல்லியிருக்காரு."

"அப்ப சரி. கையில குடுத்ததுதான் கணக்கு. நல்ல நாளும் அதுவுமா மஞ்சள மடியில வச்சுக்கிட்டு வெள்ளையில கொண்டு போய்ப் போட்டா வீடு வெளங்குமா?"

வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன் என்று முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அம்மா வண்டியின் முன்பக்கம் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் காதில் விழுந்ததா இல்லையா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குத் தனிச் சாவடி, தனிப் பெட்டிகள். ஒவ்வொருத்தியாகத் திரைக்குப் பின்னால் போய்விட்டு, கோயிலில் சாமி கும்பிட்டு வருகிற முகத்தோடு வெளியே வந்தார்கள். எதிரே புளியமரத்தடியில் மாமா உட்கார்ந்திருந்தார். யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. அப்பா எதிரில் வந்ததும் எழுந்து, "எல்லாருக்கும் மஞ்சள் குடுத்து அனுப்பியிருக்கீகளே மாப்ள, ரொம்ப சந்தோசம்" என்றார். அப்பாவுக்கு அப்போதும் உறைக்கவில்லை. "மொறைன்னா மொறைதான மச்சான்" என்று பெருமையாகச் சொன்னார்.

பெட்டிகள் மதுரைக்குப் போயின. எங்கள் தொகுதியை எண்ணுவதற்குள்ளேயே மற்ற ஜில்லாக்களின் முடிவுகள் பேப்பரில் வரத் தொடங்கின. ஆளுங்கட்சி இங்கே தோற்றது, அங்கே தோற்றது, எங்கேயோ ஒரு ஜமீன்தாரே தோற்றார். ராவ்சாகிப் பட்டம் வாங்கித் தருகிறேன் என்று எங்கள் கோழிகளைத் தின்ற ஆளும் தோற்றார். மாமா கற்கண்டோடு வந்து வாசலில் நின்றார். வாக்கைக் கேட்கத்தான் வந்திருந்தார். அப்பா லேசில் விடுவாரா? வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்.

"கட்சி தோத்திருக்கலாம் மச்சான். மெட்ராசுல தோத்ததுக்கு நான் எப்படிப் பொறுப்பு? நான் சொன்னது என் ஊரு கணக்கு. என் ஊர்ப் பொம்பளைக பெட்டியில வெள்ளை தோத்திருந்தா அப்ப வந்து கேளுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாமி முன்னால் சொன்ன வாக்கில் ஊர்க் கணக்கு எங்கே இருந்தது? கதவுக்குப் பின்னாலிருந்து பூசாரியைக் கூப்பிடுங்கள் என்று கத்தலாம் போல இருந்தது. மாமா கொஞ்சமும் கோபப்படவில்லை. கற்கண்டை ஒன்று வாயில் போட்டுக்கொண்டு, "சரி மாப்ள. ஊர்க் கணக்கே வச்சுக்குவோம்" என்றார்.

எண்ணுகிற இடத்துக்கு இரண்டு கட்சியின் ஆட்களும் போயிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் சாவடியின் மஞ்சள் பெட்டியைத் திறந்தபோது சீட்டுகள் மேசையில் குவிந்ததாம். பிறகு வெள்ளைப் பெட்டியைத் திறந்து கவிழ்த்தார்கள். ஒன்றே ஒன்று விழுந்தது. எண்ணுகிற குமாஸ்தா பெட்டியைத் தட்டினார், குலுக்கினார், உள்ளே கையை விட்டுத் துழாவினார். அவ்வளவுதான். இதைச் சொன்னது மாமா. நல்லது என்றால் அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார், ஆனால் ஒன்றைக் குறைத்துச் சொல்ல இடமில்லை.

அப்பா வீட்டுக்கு வந்து ஈசிச் சேரில் சாய்ந்தார். தண்ணீர் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் கல்யாண மேளம். ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். பிறகு எழுந்து நேரே மாட்டுக்கொட்டத்துக்குப் போனார். சாணி அள்ளிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தாள்.

"அக்கா, ஊர்ல அத்தனை பேரும் என் மஞ்சள வாங்கிக்கிட்டு என் முதுகுல குத்திட்டாளுக. மஞ்சள் வாங்காத நீ ஒருத்திதான் எனக்காக நின்ன. அது போதும் எனக்கு."

அத்தை எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா அவள் சாணிக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றையிலிருந்து வீட்டில் அத்தைக்கு ராஜ மரியாதை. மதுரைக்குப் போனால் அவளுக்கென்று தனியாக அல்வாப் பொட்டலம் வரும். அவள் வந்து உட்கார்ந்தால்தான் அப்பா சாப்பிடுவார். எனக்கும் ஒரு வழி பிறந்தது. சாமி முன்னால் சொன்னதும் போய், ஊர்க் கணக்கும் போய், இனிமேல் மடக்கிப் பேச அப்பாவிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஆனையூருக்கு ஆள் அனுப்பி, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொன்னார். மாடு வேண்டுமானால் விலை பேசிக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அத்தானோடு கல்யாணம் நிச்சயமாகி, நலங்குக்கு முதல் நாள் நான் பால் வாங்கக் கொட்டத்துக்குப் போனேன். அத்தை மாட்டின் மடியைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்த வெள்ளை ஓட்டு என்னோடது இல்லடி."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "நீங்க மஞ்சள்லயா போட்டீக? ஏன் அத்த? எனக்காகவா?"

"உனக்காகன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும்." அவள் சிரித்தாள். "அந்தத் திரைக்குப் பின்னாடி யாரும் இல்லடி. நானும் பெட்டியுந்தான். எனக்கு மஞ்சள் ஆகாதுன்னு சொல்ல அங்க ஒரு ஆளில்ல. கைய நல்லா அழுத்தி வச்சுப் பாத்தேன். சீட்டு எப்ப விழுந்துச்சுன்னே தெரியல."

பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளைக் கட்டிக்கொண்டேன். அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்தது. அத்தை போடவில்லை என்றால் அந்த ஒற்றை வெள்ளை ஓட்டு யாருடையது? நேரே அடுப்படிக்குப் போனேன். அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். அண்ணன் மகனுக்கு என்னைக் கொடுக்க வேண்டும் என்று எங்களை எல்லாம் விட அதிகமாக ஆசைப்பட்டவள். வாசலில் தாம்பாளத்தில் மஞ்சளை வைக்கச் சொன்னவள்.

"அம்மா, நீங்களா வெள்ளையில போட்டீக?"

அவள் முறுக்கைத் திருப்பிப் போட்டாள். "சோறு போட்ட மனுசனுக்கு ஒரு ஓட்டாவது விழணும்ல."

"அப்ப மஞ்சக் கிழங்கு?"

"அது வழக்கம்."

"அப்பாகிட்டச் சொல்லலாம்ல? அல்வா எல்லாம் அத்தைக்குப் போகுது."

"போகட்டும்" என்றாள் அம்மா. "எனக்கு அல்வா பிடிக்காது."

பச்சைப் பொய். அல்வாப் பொட்டலத்தின் இலையைக்கூட வழித்துத் தின்கிறவள் அவள்.

மறுநாள் நலங்கு. முற்றத்தில் என்னை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் சுமங்கலிகள். அதே பெண்கள், அதே சேலைகள். நடுவில் கிண்ணம் நிறைய அரைத்த மஞ்சள். முதல் கை வைக்க ஊரில் பெரிய சுமங்கலியை அம்மா கூப்பிட வேண்டும். அத்தை வழக்கம் போலக் கொட்டத்துக்குள் இருந்தாள். இந்த மாதிரி நேரத்தில் அவள் கண்ணில் படமாட்டாள். அப்போதுதான் அப்பா வெளியிலிருந்து உள்ளே வந்தார்.

"நிறுத்துங்க. முதல்ல என் அக்கா வைக்கட்டும்."

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "வழக்கம் இல்லையே அண்ணே" என்றாள் ஒருத்தி.

"வழக்கமாவது வெங்காயமாவது! ஊரே மஞ்சளைக் கண்டு பல்ல இளிச்சப்ப எனக்குன்னு ஒரு ஓட்டுப் போட்டவ அவ. என் மகளுக்கு அவ கைதான் முதல் கை. பிடிக்காதவுக எந்திரிச்சுப் போகலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் போட்ட ஓட்டு அவர்களுக்குத் தெரியும். பந்தியில் இலை திரும்பினால் எழுந்து போகிற மனிதர், தன் ஆயுசில் முதல் தடவையாக முறையை மீறினார். அதுவும் போடாத ஓட்டுக்காக. அத்தையை அவரே கையைப் பிடித்து இழுத்து வந்தார். தலையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"தம்பி, நான் ஒண்ணு சொல்லணும். அந்த ஓட்டு..."

"மதினி, நேரமாகுது" என்றாள் அம்மா. கிண்ணத்தை எடுத்து அத்தையின் கையில் வைத்தாள். "வைங்க."

இரண்டு பேரும் ஒரு கணம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அத்தைக்கு அந்த இடத்தில்தான் தெரிந்திருக்க வேண்டும், அந்த ஓட்டு யாருடையதென்று. அவள் கண் நிறைந்துவிட்டது. மணிக்கட்டு வரைக்கும் மஞ்சளில் கையை விட்டாள். என் கன்னத்தில் வைத்தாள், நெற்றியில் வைத்தாள், கையில், காலில், மறுபடியும் கன்னத்தில். நிறுத்துவதாகவே தெரியவில்லை.

"போதும் மதினி, பிள்ளைய ஊறுகாய் போடப் போறீகளா?" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் மஞ்சள் வாய்க்குள் போக உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் பால் கறக்க உட்கார்ந்தபோதும் அத்தை அந்தக் கையைக் கழுவியிருக்கவில்லை. காய்ச்சி ஆற்றி அப்பாவுக்கு அவளே கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்னக்கா, பாலு மஞ்சளா இருக்கு?"

"குடி தம்பி. உடம்புக்கு நல்லது" என்றாள் அத்தை.

அப்பா குடித்தார்.